கை நீட்டிக் காத்திருந்த மருத்துவர்

உரும்பிராயில் எங்கள் வளவுக் கிணற்றடியில் ஒரு பழைய மணைப்பலகை கிடந்தது. அயலில் எந்த வீட்டிலே பிள்ளை பிறந்தாலும் அப்பலகை அவ்வீட்டுக்கு இரவலாகப் போகும். முப்பத்தொன்று கழிந்து, பிள்ளை கழுத்து நின்ற பின்னரே திரும்பி வரும். ஆச்சி ஒருத்தி அதன்மேல் கால்களை நீட்டி அமர்வாள். அக்கால்களின் மேலே எண்ணெய் பூசிய குழந்தை கிடக்கும். இளஞ்சூட்டு நீர் செம்பிலிருந்து மெல்ல இறங்கும். கையை மடக்குவதும், காலை நீட்டுவதும், நெற்றியை வழிப்பதும், இவையனைத்தும் பேச்சோடும் பாட்டோடுமே நடக்கும். குழந்தை அழுதால் ஆச்சி அதனோடு வாதாடுவாள். சிரித்தால் தானும் சிரிப்பாள். அரை மணி நேரம் அவ்விருவருக்கும் இடையே உலகத்தில் வேறு எவரும் இல்லை என்றே தோன்றும்.

ஆனால், அதே குழந்தை ஏணையிலே கிடந்து துணியை நனைத்துவிட்டால் நடப்பது வேறு. நனைந்த சேலைத்துண்டு ஒரே இழுப்பில் உருவப்படும். உலர்ந்த துண்டு ஒரே சுற்றில் கட்டப்படும். அடுப்பிலே உலை கொதிக்கிறது. வாசலிலே ஆடு கத்துகிறது. இதற்கெல்லாம் நின்று பேச யாருக்கு நேரம்? நம் புலவர்கள் குழந்தையின் பருவங்களைப் பத்தாக வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். தலை நிமிர்த்தும் செங்கீரைக்கு ஒரு பருவம். கைகொட்டும் சப்பாணிக்கு ஒரு பருவம். நிலவை அழைப்பதற்கு ஒரு பருவம். உறக்கத்துக்குத் தாலாட்டு உண்டு. உணவுக்கு அம்புலி காட்டுதல் உண்டு. துணி மாற்றுவதற்கு மட்டும் பாட்டில்லை. அது இலக்கியத்தின் வாசற்படிக்கு வெளியே, கிணற்றடிக் கொடியிலே, செம்மண் கறை படிந்து காய்ந்துகொண்டிருந்தது.

சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 6 தடவை என்று குறைத்துக் கொண்டாலும், இரண்டரை ஆண்டு நிறைவதற்குள் ஒரு குழந்தைக்கு 5,000 தடவைக்கு மேல் துணி மாற்றியாக வேண்டும். ஒரு தடவைக்கு 5 நிமிடம் என்றாலும் 450 மணி நேரம் ஆகிறது. ஒரு பாடம் மட்டும் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு வகுப்போடு ஓராண்டில் இத்தனை மணி கிடைப்பது அரிது. இந்த 450 மணியில் குழந்தை எதைக் கற்கிறது என்று கேட்டவர்கள் உலகில் மிகச் சிலரே. அவர்களுள் முதன்மையானவர் அங்கேரி நாட்டு மருத்துவர் எம்மி பிக்ளர் அம்மையார்.

மொன்டிசோரி அம்மையாரை நம் ஆசிரிய உலகம் நன்கறியும். அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். 1944இல் இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தியவர். அவர் பெயர் தாங்கிய பாலர் பள்ளிகளுக்கு யாழ்ப்பாணத்திலே குறைவில்லை. ஆனால், பள்ளி வாசலுக்கு நடந்து வரும் குழந்தைக்கு முன்னே, படுக்கையிலே மல்லாந்து கிடக்கும் குழந்தை ஒன்று உண்டு. பிக்ளர் அம்மையாரின் வாழ்நாள் முழுவதும் அந்தக் குழந்தைக்கே உரியதாயிற்று. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிசு வளர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பலர் அவர் பெயரைக் கூறுவதுண்டு. நம் பக்கத்திலே அவரை அறிந்தோர் குறைவு. இன்று கடைகளில் விற்கும் ஏறுசட்டம் ஒன்றுக்குப் பிக்ளர் முக்கோணம் என்று பெயர். அதை வாங்குவோர்க்கும் அப்பெயருக்குரியவர் இன்னார் என்பது தெரியாது.

எம்மி 1902ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் வியன்னா நகரிலே பிறந்தார். தாய் வியன்னாக்காரி, பாலர் பள்ளி ஆசிரியை. தந்தை அங்கேரியர், கைத்தொழில் வல்லவர். குழந்தைக்கு ஆறு வயதானபோது குடும்பம் புடாபெஸ்டுக்குக் குடிபெயர்ந்தது. பன்னிரண்டாம் வயதில் தாயை இழந்தார். தாயின் கை எப்படியிருந்தது என்பதை நினைவில் வைத்திருக்கக்கூடிய வயது அது. அந்தக் கை இனி வாராது என்பதை உணரக்கூடிய வயதும் அதுவே. பிற்காலத்தில் தாயற்ற குழந்தைகளுக்காக அவர் செய்ததை இவ்விழப்போடு முடிச்சுப்போட எனக்கு ஆசை எழுகிறது. ஆயினும் அவ்வாறு முடிவு கட்டுவது எளிய வழி என்று அஞ்சி அதை விடுகிறேன்.

மருத்துவம் கற்பதற்கு அவர் மீண்டும் வியன்னாவுக்கே சென்றார். 1927இல் பட்டம் பெற்றார். பின்னர் அந்நகரின் பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவமனையிலே பயிற்சி கொண்டார். அதன் தலைவர் பேராசிரியர் கிளெமென்ஸ் வான் பிர்க்கே. அலர்ஜி என்று இன்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அச்சொல்லை 1906இல் ஆக்கி மருத்துவ உலகுக்கு அளித்தவர் அவரே. அவருடைய விடுதியில் ஒரு விதி இருந்தது: நோயுற்ற குழந்தையாயினும், அது விரும்பியதற்கு மேல் ஒரு கரண்டி உணவுகூட ஊட்டலாகாது. குழந்தைகள் நாள் முழுதும் அறைக்குள் கிடக்கலாகாது. காற்றோட்டமான மேடையிலே கிடக்க வேண்டும்.

குழந்தை அறுவை மருத்துவத்தை ஹான்ஸ் சால்ட்சர் என்பவரிடம் எம்மி பயின்றார். அந்த மனிதரிடம் கண்ட ஒன்று அவரை ஆயுள் முழுதும் விட்டு நீங்கவில்லை. நோவுள்ள குழந்தையையும் அழவிடாமலே சோதிக்க முடியும் என்று சால்ட்சர் நம்பினார். நம்பியதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். அவர் மந்திரம் எதுவும் பயன்படுத்தவில்லை. முதலில் குழந்தையோடு பேசுவார். பிறகு மெல்லத் தொடுவார். அது தன் கையை அறிந்துகொள்ளும் வரை பொறுத்திருப்பார். அவசரக் கை நோவு தருவதற்கு முன்னே அச்சம் தருகிறது என்பதை எம்மி அங்கே கண்ணாரக் கண்டார்.

அதே விடுதியில் இன்னொரு விந்தையும் கண்ணிற் பட்டது. எலும்பு முறிந்தும் தலையில் அடிபட்டும் வந்த குழந்தைகளின் கணக்கைப் பார்த்தால், தெருவிலே ஓடியாடி மரம் ஏறித் திரிந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் குறைவு. கையைப் பிடித்தே நடத்தி, விழாமல் காத்து வளர்க்கப்பட்ட செல்வர் வீட்டுப் பிள்ளைகளே மிகுதி. விழுந்து பழகாதவனுக்கு விழத் தெரியாது போலும்! உரும்பிராய்த் தோட்டங்களிலே வாழைக்கும் மரவள்ளிக்கும் இடையே வாய்க்கால் வரம்பில் ஓடிப் பழகிய நமக்கு இது புதுமையன்று. ஆனால் மருத்துவர் ஒருவர் அதை எண்ணிக் கணக்கெடுத்துச் சிந்தித்தது புதுமை.

கணித ஆசிரியரான ஜியோர்ஜ் பேத்தர் என்பவரை எம்மி மணந்தார். சில காலம் இருவரும் இத்தாலியின் திரியெஸ்ட் நகரில் வாழ்ந்தனர். முதற் பெண் மகவு ஆன்னா பிறந்தபோது கணவனும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். குழந்தையை அதன் போக்கில் வளரவிடுவது. தானே புரளும் வரை புரட்டுவதில்லை. தானே அமரும் வரை அமர்த்துவதில்லை. தானே நிற்கும் வரை நிறுத்துவதில்லை. மகளின் ஒவ்வோர் அசைவையும் தாய் கவனித்துவந்தார். அந்தக் கவனிப்பே அவருடைய கல்வியின் நடுப்பகுதி என்னலாம்.

முப்பதுகளின் தொடக்கத்தில் குடும்பம் புடாபெஸ்டுக்குத் திரும்பியது. 1935இல் அங்கே குழந்தை மருத்துவராகத் தொழில் நடத்தும் தகுதி பெற்று, ஏறத்தாழப் பத்தாண்டு வீடு வீடாகச் சென்று மருத்துவம் பார்த்தார். அவர் நோய்க்கு மட்டும் போகும் மருத்துவர் அல்லர். பிறந்த முதல் நாள்களில் நாள்தோறும், பின்னர் வாரந்தோறும் வீட்டுக்குச் செல்வார். குழந்தையின் எடையைப் பார்ப்பதோடு நிற்கமாட்டார். தாய் அதை எப்படித் தூக்குகிறாள், எப்படி உடுத்துகிறாள், எப்படிக் கழுவுகிறாள் என்பதையும் பார்ப்பார். பெற்றோர்க்கென்று நூலும் எழுதினார். ஏறக்குறைய 100 குடும்பங்கள் அவரிடம் இவ்வகையில் குழந்தை வளர்க்கக் கற்றன என்பர்.

மக்டா கெர்பர் என்னும் தாயின் வீட்டிலே நடந்ததொன்று இன்றும் பலராலும் கூறப்படுகிறது. அவருடைய சிறு மகளுக்குத் தொண்டை நோவு. வழக்கமான மருத்துவர் அகப்படவில்லை. பள்ளித் தோழியின் தாயான எம்மியை அழைத்தார்கள். வந்தவரிடம் நோயைப் பற்றித் தாய் சொல்லத் தொடங்கினார். எம்மி கையசைத்துத் தாயை நிறுத்திவிட்டுச் சிறுமியின் பக்கம் திரும்பினார், அவளிடமே கேட்டார், அவள் விடை கூறும் வரை காத்திருந்தார். தொண்டையைப் பார்க்க எந்த மருத்துவருக்கும் வாய் திறவாத பிள்ளை, அன்று தானே வாயைத் திறந்தாளாம். தாய் திகைத்துப் போனார். அந்தத் திகைப்பு பிற்காலத்தில் ஓர் இயக்கமாக அமெரிக்கா வரை சென்றது.

ஆனால் அதற்கு முன் கொடிய ஆண்டுகள் வந்தன. கணவர் அரசியற் காரணங்களால் 1936இல் சிறைப்பட்டார். எம்மி யூதர். 1944 மார்ச்சில் ஜெர்மானியப் படை அங்கேரியைக் கைப்பற்றிய பின், யூதராய்ப் பிறந்தோர் உயிர் தப்புவதே அருமையாயிற்று. அவரையும் குடும்பத்தாரையும் மறைத்துக் காத்தவர்கள், அவர் கையாற் குழந்தை வளர்க்கக் கற்ற அந்தப் பெற்றோர்களே. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. போர் நடந்த மண்ணிலே யார் யாரை எந்த அறைக்குள் மறைத்து வைத்தார்கள் என்பதை நம் ஊரிலும் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

போர் ஓய்ந்தது. கணவர் உயிரோடு மீண்டார்; பின்னாளில் அங்கேரியின் புள்ளிவிவரத் திணைக்களத்துக்குத் தலைவராயிருந்து 1969இல் காலமானார். எம்மி மீண்டும் தனி மருத்துவத் தொழிலுக்குத் திரும்பவில்லை. 1946இல் புடாபெஸ்டின் லோட்சி வீதியில் ஒரு வீட்டிலே, போரில் பெற்றோரை இழந்த சிசுக்களுக்கும், தாயின் காசநோயால் வீட்டில் வைத்திருக்க முடியாத சிசுக்களுக்கும் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. அதன் பொறுப்பை அவர் ஏற்றார். அவ்வில்லம் வீதியின் பெயராலேயே லோட்சி என்று உலகெங்கும் அறியப்படலாயிற்று.

அக்காலத்து அநாதைச் சிசு இல்லங்கள் எப்படியிருந்தன என்பதை அறிந்தாலன்றி அவர் செய்தது எத்தகையது என்று விளங்காது. சுத்தம் இருந்தது, பாலும் மருந்தும் இருந்தன, ஆயினும் குழந்தைகள் வாடின. சுவரைப் பார்த்தபடி கிடந்தன, ஆடி ஆடித் தலையை மோதிக்கொண்டன, பேச்சு வரவில்லை, சில இறந்தும் போயின. ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மருத்துவர் 1945இல் இந்நிலையை விரிவாக எழுதி உலகை உலுக்கினார். ஆங்கில மருத்துவர் ஜோன் போல்பி, உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் எழுதிய அறிக்கையில், தாயன்பு இல்லாத குழந்தைக்கு நேரும் கேட்டை எடுத்துக்காட்டினார். இல்லத்தில் வளரும் சிசு கருகியே தீரும் என்பது அறிஞர் பலரின் முடிவாயிருந்த காலம் அது.

லோட்சியில் முதலில் பயிற்சி பெற்ற தாதியரே அமர்த்தப்பட்டனர். அவர்கள் கைதேர்ந்தவர்கள், விரைவாகத் துணி மாற்றினார்கள், விரைவாகப் பாலூட்டினார்கள், தொட்டிலின் விரிப்பிலே ஒரு சுருக்கமும் இராது. ஆனால் அவர்கள் கையிலே குழந்தை ஒரு பொதியாக இருந்தது. அறிவுரை கூறியும் பயன் காணாத எம்மி, சில மாதங்களில் அவர்களை விலக்கிவிட்டார். அவர்களுக்குப் பதிலாக, தாதித் தொழிலே பயிலாத, ஆனால் குழந்தையிடத்து ஆர்வமுடைய இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்தார். வேலையிலிருந்து விலக்கப்பட்டவர்களை எண்ணினால் எனக்கு இரக்கமே தோன்றுகிறது. அவர்கள் கற்பிக்கப்பட்டதையே செய்தார்கள். கற்பித்ததில் அன்றோ பிழை!

புதிய பெண்களுக்கு அவர் கற்பித்த பாடங்களுள் முதன்மையானது துணி மாற்றும் பாடம். அதைச் சற்று விரிவாகவே கூற வேண்டும்.

குழந்தையிடம் போகும்போது முன்னாலிருந்து, அது காணும்படி போக வேண்டும். பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அது திரும்பிப் பார்க்கும் வரை கைவைக்கலாகாது. பிறகு இரு கைகளையும் நீட்டி, தூக்கப் போவதைச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். சில வாரக் குழந்தைக்கு இது விளங்குமா என்று கேட்போர் உண்டு. சொல் விளங்காது, ஆனால் நீட்டிய கையும், அதன் பின்னே வரும் தூக்கலும் நாள்தோறும் ஒரே முறையில் வந்தால், சில மாதத்துக்குள் அக்கை நீண்டதுமே குழந்தையின் உடல் தூக்கலுக்கு ஆயத்தமாகிவிடும். பின்னர் அதுவும் தன் கையை நீட்டும். இதை அவர் வெறும் நம்பிக்கையாகச் சொல்லவில்லை. நாட்குறிப்புகளில் எழுதி வைத்தார். தாதியரையும் எழுத வைத்தார்.

துணி மாற்றும் மேசையையும் அவர் தம் நோக்குக்கு ஏற்ப அமைத்தார். அது அகன்றது, விளிம்பிலே தாழ்ந்த கம்பி வேலி சூழ்ந்தது. ஏன் இந்த வேலி? குழந்தை விழாமல் இருப்பதற்கு மட்டுமன்று. ஆறு மாதத்துக் குழந்தை துணி மாற்றும்போது மல்லாந்தே கிடக்க மறுக்கும், புரளும், எழும், தவழப் பார்க்கும். வழக்கமான தாதி அதன் மார்பிலே கையை ஊன்றி அழுத்துவாள். எம்மியின் பெண்கள் அவ்வாறு செய்யவில்லை. குழந்தை புரண்டால் புரண்ட நிலையிலேயே துணி கட்டினார்கள். முழங்காலில் நின்றால் நின்ற நிலையிலேயே கட்டினார்கள். கம்பியைப் பிடித்து எழுந்தால் எழுந்தபடியே கட்டினார்கள். அது கைக்கு வருவதற்குப் பயிற்சி வேண்டும். எந்தக் கை எதைப் பிடிப்பது, துணியை எங்கே மடித்து வைப்பது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் ஒரு நாட்டியம் பயில்வதுபோலப் பயின்றார்கள்.

வேலை நடக்கும்போது ஒவ்வொரு படியும் சொல்லப்படும். இப்போது முடிச்சை அவிழ்க்கிறேன். இந்தப் பஞ்சு ஈரமாயிருக்கும். உன் இடக்காலைத் தா. கேட்டபின் காத்திருப்பார்கள். முதலிற் கால் வாராது. ஒருநாள் தற்செயலாக வரும். அன்று தாதி அதை வாங்கிக்கொண்டு மகிழ்வாள். மற்றொருநாள் கேட்டதும் வரும். பின் கேட்கும் முன்னரே வரும். குழந்தை தன் உடலைப் பற்றிய பாடத்தை அங்கேயே கற்கிறது. இது என் கால். இதைத் தருவதும் தராததும் என் கையிலிருக்கிறது. நான் தந்தால் ஒருவர் அதைப் பெற்றுக்கொள்கிறார். பேச்சின் இலக்கணமும் ஒருவகையில் இதுதானே: ஒருவர் சொல்ல, ஒருவர் காத்திருக்க, மற்றவர் விடை தர, மீண்டும் சொல்ல.

இங்கே வாசக அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துணி மாற்றும் நேரத்தில் குழந்தை சலிக்காதிருக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், எவரும் சொல்லும் விடை, ஏதாவது விளையாட்டுப் பொருளைக் கையிலே கொடு என்பதுதான். கிலுகிலுப்பையை ஆட்டு, தலைக்கு மேலே பொம்மையைத் தொங்கவிடு. பிக்ளர் அம்மையார் இதை ஏற்கவில்லை. துணி மாற்றும் மேசையில் அவர் பொம்மை வைக்கவில்லை. காரணம் தெளிவானது. பொம்மை குழந்தையின் கவனத்தைத் தன் உடலிலிருந்தும், தன்னைத் தொடும் மனிதரிடமிருந்தும் வேறெங்கோ இழுத்துச் செல்கிறது. அப்போது கீழே நடப்பது குழந்தைக்குத் தெரியாமல், அதன் உடலின் மேலே நடக்கும் ஒரு காரியம் ஆகிவிடுகிறது. அவர் வேண்டியது குழந்தை அந்தக் காரியத்திலே பங்கு கொள்வதை. துணியின் மடிப்பும், நீரின் சூடும், எதிரே உள்ள முகமும், அந்த முகத்திலிருந்து வரும் சொல்லும் போதிய சுவையுடையவை என்பது அவர் கண்ட உண்மை. விளையாட்டுக்கு வேறு நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எவரும் குறுக்கிடாமல், குழந்தை தரையிலே தானாக விளையாடும். முதல் விளையாட்டுப் பொருளாக அவர் கொடுத்ததும் ஒரு சதுர நூற்றுணிதான்!

இதைப் படித்த அன்று எனக்கு நாணமாக இருந்தது. சென்ற ஆண்டு என் பேத்திக்குப் பத்து மாதம். பம்பஸ் மாற்றுவதென்றால் வீட்டிலே போர் மூளும். பிள்ளை புரண்டு ஓடும்; பிடித்து இழுத்துவருவோம்; வீறிட்டு அழும். ஒருநாள் நானே என் கைத்தொலைபேசியில் ஏதோ ஓர் ஆட்டப் பாட்டை எடுத்து முகத்துக்கு நேரே நீட்டினேன். பிள்ளை அசைவற்றுப் போயிற்று. விழி திரையிலே, கால் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. காரியம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அக்குழந்தையின் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று. அதுவே வினை என்பது பின்னரே விளங்கியது.

லோட்சியில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஒரு முதன்மைத் தாதி இருந்தாள். எட்டு ஒன்பது குழந்தைகள் ஒரு கூட்டம். ஒரு சிலரே அக்கூட்டத்தை மாறி மாறிப் பார்ப்பர். ஆள் மாற்றம் இயன்றவரை இல்லை. துணி மாற்றுவதற்கும் நீராட்டுவதற்கும் வரிசை உண்டு. அது நாள்தோறும் மாறாது. ஆகவே தனக்கு முன் யார், பின் யார் என்பது தவழும் குழந்தைக்கும் தெரியும். தன் முறை வரும் என்று அறிந்த குழந்தை அழுது ஆர்ப்பரிப்பதில்லை. முறை வந்ததும் அந்தச் சில நிமிடங்களில் தாதி வேறெங்கும் பாராள். வேறு குழந்தை கூப்பிட்டால், வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தன் கையிலுள்ள குழந்தையோடேயே இருப்பாள். எட்டுக் குழந்தைக்கு ஒருத்தி நாள் முழுதும் தாயாயிருக்க முடியாது. ஆனால் துணி மாற்றும் அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு குழந்தைக்கு முழுதாக ஒருத்தி இருக்க முடியும். இந்த ஒரு கணக்கின் மேலேதான் அவ்வில்லம் எழுந்து நின்றது. அநாதைக் குழந்தைக்கு அன்பு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு, எப்படியும் செய்தே தீர வேண்டிய வேலைக்குள்ளிருந்து வரும் என்று அவர் விடை கண்டார்.

மலசலப் பழக்கத்திலும் அவர் வற்புறுத்தவில்லை. மணிக்கணக்கிற் குழந்தையைச் சட்டியில் இருத்தி வைக்கும் வழக்கம் அக்காலத்து இல்லங்களில் இருந்தது. லோட்சியில் குழந்தை தானே விரும்பி அப்பழக்கத்துக்கு வரும் வரை துணி கட்டினார்கள். துணி மாற்றும் மேசையிலே ஈராண்டாகப் பங்காளியாயிருந்த குழந்தைக்கு, அடுத்த படி பெரிய படியாக இராது என்பது அவர் எண்ணம்.

குழந்தைகளின் அசைவு வளர்ச்சியைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சியும் பெரிது. எவரும் அமர்த்தாமலும் நிறுத்தாமலும் வளர்ந்த 700க்கு மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைக் கொண்டு, புரளுதல் முதல் நடத்தல் வரை ஒவ்வொரு படியும் எவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கிறது என்று நிறுவினார். செங்கீரையைப் பாடிய நம் புலவன், ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டிக் கையூன்றித் தலை நிமிர்த்தும் குழந்தையை நெடுநேரம் பார்த்திருக்க வேண்டும். அவன் பார்த்ததையே இவரும் பார்த்தார். அவன் பாடினான், இவர் அட்டவணை இட்டார். ஒன்றிலே மட்டும் நான் அம்மையாரோடு முழுதும் உடன்பட முடியாதவனாக இருக்கிறேன். தலையணை அண்டைகொடுத்துப் பிள்ளையை இருத்தி, நாலு பேர் சுற்றி அமர்ந்து கைகொட்டுவது நம் வீட்டு வழக்கம். அவர் அதை விலக்குவார். தத்துவம் சரியாயிருக்கலாம், ஆனால் அந்த நாலு பேர் சிரிப்பும் பிள்ளைக்கு ஏதோ தருகிறது என்றே என் மனம் சொல்கிறது. அவருடைய இல்லத்துக்கு ஆச்சிமார் இல்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

லோட்சியில் வளர்ந்தவர்கள் பெரியவரான பின் எப்படியிருக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு ஆராயப்பட்டது. இல்லத்துக் குழந்தைக்கு நேரும் என்று அஞ்சப்பட்ட கேடுகள் அவர்களிடம் காணப்படவில்லை. வேலை செய்து, குடும்பம் நடத்தி, பிறரைப் போலவே வாழ்ந்தார்கள். மிரியம் டேவிட், ஜெனவியேவ் அப்பெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் அவ்வில்லத்துக்குச் சென்று பார்த்து 1973இல் ஒரு நூல் வெளியிட்டனர். வழக்கத்துக்கு மாறான தாய்மை என்று அதன் தலைப்பிலேயே குறித்தனர். மாறானது என்றதிலே பாராட்டும் உண்டு, சிறு தயக்கமும் உண்டு. தாதியர் குழந்தைகளைத் தம் சொந்தப் பிள்ளைபோலக் கட்டியணைத்துக் கொஞ்ச வேண்டும் என்று அங்கே எதிர்பார்க்கப்படவில்லை. பிரியும் நாள் வரும் என்பது இருவர்க்கும் தெரிந்ததே. அளந்த அன்பு அது. சிலருக்கு அது குளிர்ச்சியாகத் தோன்றியது. அளவில்லாத அன்பு கிடைக்காத குழந்தைக்கு அளந்த அன்பு நாள் தவறாமல் கிடைப்பது சிறிதன்று.

மக்டா கெர்பர் அங்கேரியை நீங்கி அமெரிக்கா சென்று, 1978இல் கலிபோர்னியாவில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்து, இம்முறையைப் பெற்றோர்க்குக் கற்பித்தார். எம்மி எழுபத்தைந்து வயதைக் கடந்த பின்னரே லோட்சியின் தலைமையிலிருந்து விலகினார். மருத்துவர் யூதித் பால்க் அப்பணியைத் தொடர்ந்தார். எம்மி 1984 ஜூன் 6ஆம் நாள், சிறிது காலம் நோயுற்றிருந்து, புடாபெஸ்டிலே காலமானார். புரட்டாமலும் இருத்தாமலும் வளர்க்கப்பட்ட அந்த முதல் மகள் ஆன்னா உளநூல் கற்று, பிற்காலத்தில் அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பையும் தாங்கினார்.

பெற்றோரற்ற சிசுக்களை இல்லங்களில் வைப்பதைவிட வளர்ப்புக் குடும்பங்களில் ஒப்படைப்பதே நன்று என்ற கொள்கை வலுத்து, 2011இல் லோட்சியின் குழந்தை இல்லம் மூடப்பட்டது. அதே வீட்டில் பகற்காப்பகமும், பெற்றோர் குழந்தைகளோடு வந்து கூடும் வகுப்புகளும், பயிற்சியும் தொடர்ந்தன. கம்பி வேலியிட்ட அந்த மேசையின் படிகள் பல நாடுகளின் காப்பகங்களில் நிற்கின்றன.

எங்கள் வீட்டில் மேசையும் இல்லை, வேலியும் இல்லை. விறாந்தையிலே பாய் விரித்திருக்கிறோம். தொலைபேசியை அலுமாரிக்குள் வைத்துவிட்டு, ஆச்சி கிணற்றடியிற் பேசியதுபோல நானும் பேசத் தொடங்கினேன். மருமகள் முதலிற் சிரித்தாள். முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடத்துக்கு மேல் சென்றது; பாயும் நனைந்தது. பிள்ளை புரண்டபோது புரண்டபடி கட்ட முயன்று இரண்டு முறை பின்புறத்தை முன்புறமாகக் கட்டினேன். இரண்டாம் மாதத்தில் ஒருநாள், குஞ்சு காலைத் தா என்று கேட்டு வாய் மூடுமுன் கால் வந்தது. இடக்கால் கேட்டேன், வந்தது வலக்கால்.